எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6, விட்சர் 4, ஃபேபிள்: எதற்குக் காத்திருக்கலாம்?

கம்பத்தில் எங்கள் செட்டில் கேம் ஆடுகிறவர்கள் ஆறேழு பேர். அதில் இரண்டு பேருக்குக் குமுளியில் கடை, ஒருவருக்கு வண்டன்மேட்டில் ஏலக்காய்க் கணக்கு எழுதும் வேலை. நடுவில் மாநில எல்லை இருந்தாலும் வாட்ஸப்பில் ஓடுகிற சண்டை ஒன்றுதான்: அடுத்து வரப்போகும் பெரிய ஃபேன்டஸி ஆர்பிஜிக்களில் (ஒரு பாத்திரமாகவே மாறிக் கதைக்குள் ஆடும் கேம்கள்) நம் காசுக்கும் தூக்கத்துக்கும் தகுதியானது எது?

என் பதிலை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். முதலில் கைக்கு வரப்போவது ஃபேபிள். ஆசையோடு காத்திருக்கத் தகுந்தது விட்சர் 4. எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6-க்குக் காத்திருப்பதை நிறுத்திவிடுவது உடம்புக்கு நல்லது. வரும்போது வரட்டும்.

எதை வைத்து எடை போடுகிறேன் என்று சொல்லிவிட வேண்டும். கிராஃபிக்ஸ் இப்போது எல்லாருக்கும் நன்றாக வருகிறது. மேப் எவ்வளவு பெரிது என்பதும் எனக்குப் பெரிய விஷயமில்லை. கம்பத்தில் எந்த மொட்டை மாடியில் நின்று மேற்கே பார்த்தாலும் மலை. மேலே ஏறினால் கேரளா. லோயர் கேம்ப் வழியாகக் குமுளிக்கு ஒரு ரோடு, நேரே கம்பம்மெட்டுக்கு ஒரு ரோடு, வடக்கே போடிமெட்டுக்கு இன்னொன்று. குமுளி ரோட்டில் போனால் முல்லைப்பெரியாறு தண்ணீரைக் கீழே மின்நிலையத்துக்குக் கொண்டுவரும் ராட்சதக் குழாய்களைப் பார்க்கலாம். கம்பம்மெட்டு ரோட்டில் விடியற்காலையில் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகளுக்கு ஒதுங்கி வழிவிட வேண்டும். மூன்றுமே இடுக்கி மாவட்டத்துக்குத்தான் போகின்றன, ஆனால் வழியில் நடப்பது வேறு வேறு. ஓப்பன் வேர்ல்டு கேமிடம் நான் கேட்பதும் அவ்வளவுதான்: ரோட்டை விட்டு இறங்கினால் எனக்கு என்ன நடக்கும்?

முதலில் எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6. 2018 ஜூனில் ஈ3 என்ற கேம் கண்காட்சி மேடையில், இந்தத் தொடரைச் செய்யும் பெதஸ்டா கம்பெனி 36 விநாடி வீடியோ ஒன்றைக் காட்டியது. கொஞ்சம் மலை, கொஞ்சம் கடற்கரை, தலைப்பு, அவ்வளவுதான். எந்த நாட்டில் கதை நடக்கிறது என்றுகூட அதில் இல்லை. அந்தப் பாறைகளின் நிறத்தைப் பார்த்து இது அந்தக் கற்பனை உலகின் ஹேமர்ஃபெல் நாடுதான் என்று அடித்துச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு ஒரு கும்பிடு. இதற்கு முந்தைய பாகமான ஸ்கைரிம் வெளியானது 2011 நவம்பர் 11-ல். அந்த வருடம் பிறந்த பையனுக்கு இப்போது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வயது. நடுவில் அதே ஸ்கைரிம் 2016-ல் ஸ்பெஷல் எடிஷனாக, 2017-ல் ஸ்விட்சிலும் விஆரிலும், 2021-ல் ஆனிவர்சரி எடிஷனாக என்று திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. 2023 ஜூனில், பெதஸ்டாவின் உரிமையாளரான மைக்ரோசாப்ட்டுக்கு எதிராக அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில், எக்ஸ்பாக்ஸ் தலைவராக இருந்த ஃபில் ஸ்பென்சர் இந்த கேமுக்கு இன்னும் ஐந்து வருடமாவது ஆகும் என்கிற மாதிரி சாட்சி சொன்னார். 2024 மார்ச்சில் தொடரின் 30-ம் ஆண்டு விழாவுக்கு, ஆரம்பக்கட்ட வடிவத்தைத் தாங்கள் ஆடிப் பார்ப்பதாக பெதஸ்டா சொன்னது. உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான்.

அப்புறம் ஏன் இத்தனை ஏக்கம்? ரோட்டை விட்டு இறங்கினால் என்ன என்ற கேள்விக்கு பெதஸ்டா அளவுக்கு நல்ல பதில் சொன்னவர்கள் கிடையாது. ஸ்கைரிமில் ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு நடந்தால், பாதி வழியில் குகை, குகைக்குள் யாரோ எழுதிய டைரி, டைரியில் இன்னொரு இடத்தின் பெயர். கிளம்பிய வேலை மறந்தே போகும். மேஜை மேல் இருக்கும் கரண்டி, கிண்ணம், சீஸ் எல்லாமே கையில் எடுக்கக்கூடிய பொருள்கள். கடைக்காரர் தலையில் வாளியைக் கவிழ்த்துவிட்டு அவர் கண் மறைந்திருக்கும்போதே கடையைத் துடைத்து எடுத்துப்போவது அந்த கேமில் பிரசித்தம். யாரும் எழுதி வைத்த காட்சி இல்லை அது. பொருளுக்கு ஒரு விதி, பார்வைக்கு ஒரு விதி. இரண்டும் மோதியதில் பிறந்த கூத்து. இந்த மாதிரிக் கூத்துக்கு இடம் விடும் கம்பெனிகள் குறைவு.

அதோடு மாட்கள், அதாவது ரசிகர்களே கேமுக்குள் செய்து சேர்க்கும் மாற்றங்கள். ரசிகர்கள் ஸ்கைரிமுக்கு மேல் கட்டியதற்கு அளவில்லை. தி ஃபர்காட்டன் சிட்டி என்ற மாட், எழுத்துக்காக ஆஸ்திரேலியாவில் விருது வாங்கி, 2021-ல் தனி கேமாகவே வந்தது. ஜெர்மன் ரசிகர் குழு ஒன்று எண்டரல் என்று முழு உலகத்தையே புதிதாகச் செய்து இலவசமாகக் கொடுத்தது. எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6 சுமாராக வந்தால்கூட அடுத்த பத்து வருடம் மற்றவர்கள் அதை நல்ல கேமாக ஆக்கிக்கொண்டே இருப்பார்கள் என்பது என் கணிப்பு.

பயம் அதே பெதஸ்டாவின் விண்வெளி கேமான ஸ்டார்ஃபீல்டால்தான். 2023 செப்டம்பரில் வந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிரகங்கள் என்றார்கள். ஆனால் மெனுவைத் திறந்து புள்ளியை அழுத்தினால் போய் இறங்கிவிடலாம். நடுவில் வழி என்று ஒன்றே இல்லை. இறங்கிய இடத்திலும் கம்ப்யூட்டர் தூவிய நிலம், ஏற்கனவே பார்த்த அதே கட்டடம். அந்தக் கம்பெனியின் தனித்திறமை எதுவோ அதையே விட்டுவிட்டுச் செய்த கேம் மாதிரி எனக்குப் பட்டது. ஆறாவது பாகம் ஒரே நிலப்பரப்பில் நடக்கும் என்றால் பழைய கை திரும்பிவிடும் என்று நம்பலாம். நம்பத்தான் முடியும், காட்டியதோ 36 விநாடி.

விட்சர் 4-க்கு வருவோம். போலந்தின் சிடி புராஜெக்ட் ரெட் 2022 மார்ச்சில் அறிவித்தது. 2024 டிசம்பரில் கேம் அவார்ட்ஸ் மேடையில் முதல் டிரெய்லர்; கதாநாயகி சிரி. பழைய நாயகன் ஜெரால்ட் எங்கே என்று அழுத கூட்டத்தின் மீது எனக்குப் பரிதாபமே வரவில்லை. அவர் கதை மூன்று பாகத்தில் கௌரவமாக முடிந்துவிட்டது. மூன்றாம் பாகம் முழுக்க அவர் தேடி அலைந்ததே இந்தப் பெண்ணைத்தான், அடுத்தது அவள் கதை என்பது நியாயம்தானே. கேமைக் கட்டும் மென்பொருளிலும், தங்கள் பழைய ரெட்என்ஜினை விட்டுவிட்டு இந்த முறை அன்ரியல் என்ஜின் 5-க்குப் போயிருக்கிறார்கள்.

2025 ஜூனில் அன்ரியல் விழாவில் ஒரு தொழில்நுட்ப டெமோ காட்டினார்கள். கோவிர் என்ற மலைநாடு, அதில் வால்ட்ரெஸ்ட் என்ற ஊர், சந்தையில் நூற்றுக்கணக்கான ஆட்கள், காட்டு வழியாக சிரி குதிரையில் போகிறாள். ஓடியது சாதாரண பிஎஸ்5-ல், விநாடிக்கு 60 ஃப்ரேம். எல்லாரும் மரத்தையும் மலையையும் பார்த்து வாய் பிளந்தார்கள். எனக்குப் பிடித்தது வேறு: இது டெமோதான், கேமின் பகுதி இல்லை என்று அவர்களே முன்கூட்டிச் சொன்னார்கள். தங்கள் முந்தைய கேமான சைபர்பங்க் 2077-ல் பட்டு வந்த அடக்கம் அது. 2020 டிசம்பரில் அந்த கேம் குறைகளோடு வந்ததால், சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்தே அதைத் தூக்கிவிட்டது. திரும்ப உள்ளே வந்தது 2021 ஜூனில். அதற்குப் பிறகு விடாமல் செப்பனிட்டு, 2023-ல் 2.0 அப்டேட்டும் ஃபேண்டம் லிபர்ட்டி என்ற கூடுதல் கதையும் வந்தபோது கேம் எழுந்து நின்றது. பழைய எஞ்சினோடு பட்ட பாடு இந்த முறை இருக்காது என்பது அவர்கள் கணக்கு. அன்ரியல் 5-ல் வந்த பல பிசி கேம்கள் ஓடும்போது திக்கித் திணறுகின்றன என்பது என் கணக்கு. பார்ப்போம்.

ரோட்டை விட்டு இறங்கினால் என்ன என்பதற்கு இவர்களின் பதில் மனிதர்கள். விட்சர் 3-ல் காணாமல்போன மனைவியையும் மகளையும் தேடித்தரச் சொல்லும் ‘பிளடி பேரன்’ (Baron) என்ற குறுநிலத் தலைவனின் கதையை ஆடியவர்களுக்குத் தெரியும். முதலில் அவன் மேல் இரக்கம், பிறகு கோபம், பிறகு இரண்டும். இடையில் வேறு ஒரு இடத்தில் நாம் எடுத்த முடிவு, மணிக்கணக்கு கழித்து இந்தக் குடும்பத்தின் தலையில் வந்து விழும். நல்ல முடிவு என்று நினைத்ததே கொன்றுவிடும். அப்படி எழுத வேறு யாருக்கும் வரவில்லை. ஆனால் அதே கேமில் ஸ்கெல்லிகே தீவுகளைச் சுற்றிய கடலில், மேப் முழுக்கத் தூவி வைத்த கேள்விக்குறிகளையும் சொல்லியாக வேண்டும். படகில் போய், முங்கி, பெட்டியைத் திறந்து, பறக்கும் சனியன்களோடு சண்டை போட்டு, மறுபடி அடுத்த கேள்விக்குறி. ஊருக்குள் மேதைகள், நடுக்கடலில் குமாஸ்தாக்கள். கோவிரில் அந்தப் பெட்டிகள் இல்லாமல் இருந்தால் போதும், என் பாதிக் கவலை தீரும்.

எப்போது வரும்? 2026 முடிவதற்குள் வராது என்று முதலீட்டாளர்களிடமே சொல்லிவிட்டார்கள். ஆக, சீக்கிரம் என்றாலும் 2027. முழு வேகத் தயாரிப்பு தொடங்கியதே 2024 கடைசியில்தான் என்பதை நினைவில் வைத்தால் அதற்கும் தள்ளிப்போகலாம்.

ஃபேபிள் பற்றி எங்கள் செட்டில் யாருக்கும் பெரிய உணர்ச்சி இல்லை. பழைய பாகங்கள் பெரும்பாலும் எக்ஸ்பாக்ஸை ஒட்டியே வந்தவை, இந்தப் பக்கம் அந்தப் பெட்டி வைத்திருந்தவர்கள் அபூர்வம். 2004-ல் வந்த முதல் பாகத்தைவிட, அதை உருவாக்கிய பீட்டர் மோலினோ கொடுத்த வாக்குறுதிகள் பிரபலம்: கொட்டையை நட்டால் காலப்போக்கில் மரமாகும் என்றார், ஆகவில்லை. அந்த லயன்ஹெட் ஸ்டூடியோவை 2016-ல் மூடிவிட்டார்கள். 2020-ல் அறிவித்த புதிய ஃபேபிளைச் செய்வது பிளேகிரவுண்ட் கேம்ஸ், ஃபோர்ஸா ஹொரைசன் கார் ரேஸ் கேம்களைச் செய்தவர்கள். கார்க்காரர்களுக்கு வாள்சண்டை எதற்கு என்று நானும்தான் கிண்டல் செய்தேன். 2025-ல் வருவதாக இருந்து 2026-க்குத் தள்ளிப்போனது.

2026 ஜனவரியில் விரிவாகக் காட்டியபோது கிண்டல் கொஞ்சம் அடங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்க்காரர்கள், ஒவ்வொருவருக்கும் பெயர், வேலை, வீடு. பழைய ஃபேபிளில் கெட்டது செய்தால் தலையில் கொம்பு முளைக்கும், நல்லது செய்தால் ஒளிவட்டம். இதில் அப்படி ஒரே தராசு கிடையாதாம். நாம் செய்ததை யார் பார்த்தார்கள், எந்த ஊரில் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்துப் பேர் மாறும். இந்த ஊரில் நல்லவன், அடுத்த ஊரில் அயோக்கியன். எல்லையோரத்தில் கடை நடத்துகிற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. வீடு வாங்கி வாடகைக்கும் விடலாம், கோழியையும் உதைக்கலாம். இங்கிலாந்து நக்கல் நமக்கு எவ்வளவு தூரம் சிரிப்பு மூட்டும் என்பது வேறு கேள்வி. இலையுதிர் காலத்தில் வெளியீடு, பிஎஸ்5-லும் உண்டு என்றார்கள். நம் கணக்கில் ஐப்பசி அடைமழை. வீட்டில் உட்கார்ந்து கேம் ஆட அதைவிட நல்ல மாதம் வேண்டுமா?

லைட் நோ ஃபயர் என்ற கேமை விட்டுவிட்டால் வண்டன்மேட்டுக்காரர் கோபித்துக்கொள்வார். ஹெலோ கேம்ஸ் 2023 டிசம்பரில் அறிவித்தது, பூமி அளவு உலகம். 2016-ல் நோ மேன்ஸ் ஸ்கையைச் சொன்னபடி தராமல் திட்டு வாங்கி, பிறகு வருடக்கணக்காக இலவச அப்டேட் கொடுத்தே பெயரை மீட்டவர்கள், அதனால் மரியாதை உண்டு. ஆனால் பூமி அளவு நிலத்தில் எனக்கு என்ன வேலை? எல்டர் ஸ்க்ரோல்ஸ் தொடரில் 1996-ல் வந்த டேகர்ஃபாலும் பிரிட்டன் அளவு என்றுதான் விளம்பரம் செய்தார்கள். பெரும்பகுதி வெறும் நிலம்.

சரி, காசு. தேதியே இல்லாத கேமுக்காக இப்போதே கிராஃபிக்ஸ் கார்டு வாங்காதீர்கள். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிய ஏற்றத்துக்குப் புது பிசி கட்டுவதே வயிற்றெரிச்சல். ஃபேபிள் வெளியாகும் நாளிலேயே எக்ஸ்பாக்ஸின் மாதச் சந்தாவான கேம் பாஸில் வருகிறது, ஆனால் அந்த கேம் பாஸ் அல்டிமேட்டே 2025 அக்டோபரில் அமெரிக்காவில் மாதம் 20 டாலரிலிருந்து 30 டாலராக ஏறியது, நம் ஊர் விலையும் கூடவே ஏறியது. ஒரே கேமுக்காகச் சேர்வதென்றால் ஒரு மாதத்தில் ஆடி முடித்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். டவுன்லோடு இன்னொரு தலைவலி. ஸ்டார்ஃபீல்டுக்கே 125 ஜிபி இடம் கேட்டார்கள். சாரல் காற்று வீசும் மாதங்களில் இங்கே கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, பாதியில் நின்ற டவுன்லோடை விடிய விடியக் காவல் காப்பது பழகிப்போன வேலை. இந்த விஷயத்தில் விட்சர் 3-க்குத் தனி மரியாதை: நகலெடுப்பதைத் தடுக்கும் டிஆர்எம் பூட்டு எதுவும் இல்லாமல் விற்றார்கள். ஒருமுறை இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக்கொண்டால் மறுபடி நெட்டைத் தேட வேண்டாம். நான்காம் பாகத்துக்கும் அப்படியே செய்தால் என் ஓட்டு இரட்டிப்பு.

குமுளி அண்ணன் இதையெல்லாம் ஒத்துக்கொள்ளவில்லை. “தம்பி, போன வருசம் ஆப்ளிவியன் ரீமாஸ்டரை என்ன செஞ்சாங்க? காலையில வீடியோ, அன்னைக்கே விற்பனை. ஆறாவது பாகத்தையும் அப்படித்தான் ஒருநாள் திடீர்னு இறக்குவாங்க பாரு” என்கிறார். எல்டர் ஸ்க்ரோல்ஸின் நான்காம் பாகமான ஆப்ளிவியனைப் புதுப்பித்து 2025 ஏப்ரல் 22-ல் அப்படி இறக்கியது உண்மைதான். பழைய கேமுக்குப் புதுச் சட்டை போடுவதும் புது உலகத்தைக் கட்டுவதும் ஒன்றாண்ணே என்று கேட்டேன், காதில் வாங்கவில்லை. ஆகவே பந்தயம். விட்சர் 4 முந்தினால் எனக்கு 8 மில்லிமீட்டர் பச்சை ஏலக்காய் ஒரு கிலோ, எல்டர் ஸ்க்ரோல்ஸ் முந்தினால் அவருக்குக் கம்பம் பன்னீர் திராட்சை ஒரு பெட்டி. ஏலக்காய் விலைக்கும் திராட்சை விலைக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் இன்னும் யோசிக்கவில்லை.