நீண்ட ஓட்டத்துக்குப் பின் வரும் சளி: திறந்த ஜன்னலா, இடம் மாறிய படையா?

பிப்ரவரியில் ஆரோவில் மாரத்தான் வருகிறது என்றால், புதுச்சேரியில் நாங்கள் மழைக்காலத்திலேயே ஓடத் தொடங்கிவிடுவோம். ஞாயிறு விடியற்காலை காந்தி சிலையருகே கிளம்பி, ஈ.சி.ஆர். வழியாகக் காலாப்பட்டு போய்த் திரும்பினால் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். செவ்வாய்க்கிழமைக்குள் குழுவில் ஒருவருக்காவது தொண்டை கரகரக்கும். “அளவுக்கு மீறி ஓடினா எதிர்ப்புச் சக்தி போயிடும்” என்பார்கள் வீட்டில். இதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு.

பழைய கட்சி சொல்வது ‘திறந்த ஜன்னல்’. நெடுநேரம் கடுமையாக ஓடும்போது அட்ரினலின், கார்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோன்கள் ஏறுகின்றன. ஓடி முடித்த ஒன்றிரண்டு மணி நேரத்தில், ரத்தத்திலுள்ள லிம்போசைட் என்ற நோயெதிர்ப்பு வெள்ளையணுக்கள் ஓடுவதற்கு முன்பிருந்த அளவைவிடக் குறைந்துவிடுகின்றன. ஆகவே சில மணி நேரம் முதல் 3 நாள் வரை கிருமி நுழைய வழி திறந்திருக்கிறது என்கிறார்கள். இவர்களின் பெரிய சான்று 1987 லாஸ் ஏஞ்சலஸ் மாரத்தான். ஓடியவர்களில் 12.9 சதவீதத்தினருக்கு அடுத்த வாரத்தில் சளித் தொற்று வந்ததாக அமெரிக்க ஆய்வாளர் டேவிட் நீமன் குழு பதிவு செய்தது. அதே அளவு பயிற்சி எடுத்தும் அன்று ஓடாதவர்களில் அது 2.2 சதவீதம்தான்.

புதிய கட்சியின் வாதத்தை 2018இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தின் ஜான் கேம்ப்பெல், ஜேம்ஸ் டர்னர் இருவரும் விரிவாக எழுதினார்கள். ரத்தத்தில் குறைந்த அணுக்கள் அழியவில்லை, இடம் மாறியிருக்கின்றன என்பது அவர்கள் வாதம். அடையாளமிட்ட அணுக்களை எலிகளில் தொடர்ந்து பார்த்தபோது, அவை நுரையீரலுக்கும் குடலுக்கும் எலும்பு மஜ்ஜைக்கும் போயிருந்தன. கிருமி முதலில் வந்து மோதுகிற இடங்கள் அல்லவா நுரையீரலும் குடலும்! தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் காலையில் படகு குறைவாக இருந்தால், மூழ்கிவிட்டது என்றா நினைப்போம்? தொழிலுக்குப் போயிருக்கிறது என்றுதானே நினைப்போம்.

நான் சாய்வது புதிய கட்சிப் பக்கம். லாஸ் ஏஞ்சலஸ் கணக்கு ஓட்டக்காரர்கள் தாங்களே சொன்னது. ஆய்வகத்தில் சோதித்தது அல்ல. விளையாட்டு வீரர்களின் தொண்டைக் கோளாறுகளைச் சோதித்த பிந்தைய ஆய்வொன்றில், மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கிருமி அகப்பட்டது. மற்றவற்றுக்கு ஒவ்வாமை, தூசு, மணிக்கணக்கில் வாயால் மூச்சு வாங்கியதால் வந்த எரிச்சல் என எதுவும் காரணமாகலாம்.

ஆனாலும் பழைய கட்சியை நான் முழுதாகத் தள்ளமாட்டேன். ஒருநாள் ஓட்டம் வேறு, வாரக்கணக்கில் ஓய்வில்லாத பயிற்சி வேறு. பதினொரு மணிக்குப் படுத்து நாலு மணிக்கு எழுகிற ஆட்கள் நாங்கள். மூக்கில் சளி வைரஸைச் சொட்டுவிட்டுப் பார்த்த 2009ஆம் ஆண்டு ஆய்வில், 7 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 3 மடங்கு. வெறும் வயிற்றில் நெடுந்தூரம் ஓடுவதும் கார்ட்டிசோலை இன்னும் ஏற்றும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போனால் அந்த ஏற்றம் தணிகிறது. இளநீர் மட்டும் அதற்குப் போதாது, கூடவே வாழைப்பழமோ பேரீச்சம்பழமோ வேண்டும்.

கடற்கரைச் சாலையில் தினமும் வேகமாக நடப்பவர்களைப் பற்றி இந்த இரண்டு கட்சிக்கும் சண்டையே இல்லை. நீமன் குழுவே 2011இல் 1,002 பேரை 12 வாரம் கவனித்தது. வாரம் 5 நாளோ அதற்கு மேலோ உடற்பயிற்சி செய்தவர்கள் சளியோடு கழித்த நாட்கள், அநேகமாக எதுவுமே செய்யாதவர்களைவிட 43 சதவீதம் குறைவு.

ஓடுகிற தோழர்களிடம் மன்றாடிக் கேட்கிறேன். மூக்கொழுகல் மட்டும் என்றால் மெதுவாக ஓடிப் பாருங்கள். காய்ச்சல், உடம்புவலி, நெஞ்சுச் சளி என்றால் ஷூவைத் தொடாதீர்கள். வைரஸ் காய்ச்சலோடு ஓடுவது இதயத் தசையை வீங்கவைக்கலாம். நம் பயிற்சி உச்சத்துக்கு வருகிற ஐப்பசி, கார்த்திகைதான் இங்கே டெங்கு பரவும் காலமும். காய்ச்சலை ‘லாங் ரன் அசதி’ என்று நினைத்து இபுப்ரோஃபென் போடாதீர்கள், டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு கூடும். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு, அன்றே டாக்டரைப் பார்த்து ரத்தம் சோதித்துவிடுங்கள்.