ஆட்குறைப்புக்குப் பின் ஒரு கணக்கு மென்பொருள் சேவை

சில ஆண்டுகளாகச் சந்தா கட்டி நாங்கள் பயன்படுத்தும் இந்தக் கணக்கு மென்பொருளின் வேகத்திலோ அறிக்கைகளின் துல்லியத்திலோ இன்றுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. சரிந்திருப்பது வாடிக்கையாளர் உதவிப் பிரிவுதான். சென்ற ஆண்டின் இருப்புத் தொகை புதிய ஆண்டுக்கு மாறாத சிக்கலை முன்பெல்லாம் ஒரே தொலைபேசி அழைப்பில் தீர்த்துவைத்த அனுபவசாலிகள் ஆட்குறைப்பில் வெளியேற்றப்பட்டுவிட்டதால், இப்போது 'கடவுச்சொல்லை மாற்றிப் பாருங்கள்' என்னும் தானியங்கிப் பதிலே வருகிறது. சம்பளச் செலவு குறைந்து அவ்வாண்டின் லாபக் கணக்கு அழகாகத் தெரிந்திருக்கும். ஆனால், எந்த மூலையில் எந்தப் பிழை ஒளிந்திருக்கிறது என்ற அறிவும் அவர்களோடு போய்விட்டதே!

அமெரிக்க மின்னணுப் பொருள் விற்பனை நிறுவனமான சர்க்யூட் சிட்டி, 2007இல் கூடுதல் ஊதியம் பெற்ற சுமார் 3,400 கடை ஊழியர்களை நீக்கிவிட்டுக் குறைந்த ஊதியத்துக்கு ஆள் எடுத்தது. 2008 நவம்பரில் திவால் மனு தாக்கல் செய்தது. வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டுதான். நட்டத்தில் ஓடும் ஒரு பிரிவை மூடுவதையும் நான் குறை கூறமாட்டேன். விற்கவும் விளக்கவும் தெரிந்தவர்களை அனுப்பிவிடுவது வேறு கதை.

தரவுகளை முழுமையாக ஏற்றுமதி செய்யும் வசதி ஒழுங்காக இயங்குவதால், வேண்டியபோது வேறு மென்பொருளுக்கு மாறிவிடலாம்; அதனால் புதிதாகச் சேர்பவர்கள் ஆண்டுச் சந்தாவைத் தவிர்த்து மாதச் சந்தாவைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரங்கள்.