நம்பர் இல்லாத பி38: "ஆலை முன்மாதிரி" என்று நம்பி வாங்கி ஏமாந்தேன்

பழைய துப்பாக்கிகளை உரிமத்தோடு சேகரிப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிடுங்கள். ஜெர்மனியின் வால்தர் பி38 பிஸ்டலின் முன்மாதிரி, உற்பத்தி தொடங்கும் முன்பே ஆலைக்குள் கையால் செய்தது என்று சொல்லி ஒருவர் எனக்கு விற்றார். அது முன்மாதிரியே இல்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் லட்சக்கணக்கில் செய்த சாதாரண பி38. அதையும் ராவிக் கெடுத்து வைத்திருக்கிறார்கள்.

பார்த்ததுமே மயங்கிவிட்டேன். நீலப்பூச்சு ஏறாத வெள்ளை இரும்பு. ஸ்லைடில் (சுடும்போது முன்பின் நகரும் மேல் பாகம்) ஆலைப் பெயர் இல்லை, வரிசை எண் இல்லை, ராணுவ முத்திரை இல்லை. ஃபிரேமில், அதாவது பிடியோடு சேர்ந்த அடிப்பாகத்தில், அங்கங்கே கரடுமுரடான தடங்கள். "முன்மாதிரிக்கு யார் சார் நம்பர் போடுவார்கள்? இது அரம் ஓடிய தடம், கைவேலை" என்றார். ஆலை ஆவணம் இருக்கிறதா என்று கேட்டேன். ஸெல்லா-மேலிஸில் இருந்த வால்தர் ஆலை 1945இல் கைமாறி அழிந்தபோது ஏடுகளும் போய்விட்டன என்றார். அதில் பெரும்பகுதி உண்மை என்பதால் மேற்கொண்டு கேட்கத் தோன்றவில்லை. ஒரு நிபுணர் கையெழுத்திட்ட தட்டச்சுக் கடிதத்தையும் கொடுத்தார்.

அவர் காட்டியதெல்லாம் "இல்லை"களைத்தான். நம்பர் இல்லை, முத்திரை இல்லை, பூச்சு இல்லை, ஏடு இல்லை. அத்தனை இல்லைகளையும் கூட்டி நான்தான் ஒரு "உண்டு" போட்டுக்கொண்டேன். நம்பர் இல்லாதது எதற்கும் சாட்சி ஆகாது. அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை எத்தனையோ மலிவான .22 ரைஃபிள்கள் நம்பர் இல்லாமலேயே ஆலையை விட்டு வெளியே வந்தன. அமெரிக்காவின் கோல்ட் (Colt) ஆலைத் துப்பாக்கி என்றால் ஆலைக் கடிதம் வாங்கலாம்; எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பியது, பேரல் நீளம் என்ன, என்ன பூச்சு என்று அதில் இருக்கும். இன்னொரு அமெரிக்க ஆலையான வின்செஸ்டரின் பழைய ஏடுகள் பல வயோமிங் மாநிலம் கோடி நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஏடு இல்லாத ஆலையாகப் பார்த்து எனக்குக் கதை சொன்னது தற்செயல் என்று இனி நம்பமாட்டேன்.

அப்புறம்தான், துப்பாக்கி பழுது பார்ப்பதிலேயே தலை நரைத்த ஒருவரிடம் கொண்டுபோனேன். முதலில் குண்டு எதுவும் இல்லை என்று அவரே சரிபார்த்தார். பிறகு ஒரு இரும்பு ஸ்கேலை ஸ்லைடின் பக்கத்தில் வைத்து விளக்குக்கு நேரே பிடித்தார். ஆலைப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் ஸ்கேலுக்கு அடியில் மெல்லிய வெளிச்சக் கோடு. "பாருங்க தம்பி, இங்கே பள்ளம். எழுத்தை ராவி எடுத்திருக்காங்க" என்றார். விரலால் தடவியபோது எனக்கே தெரிந்தது. இத்தனை நாள் அதைத் தடவிப் பெருமைப்பட்ட அதே இடம்.

அடுத்தது ஃபைரிங் பின், தோட்டாவின் பின்புறம் குத்தி வெடிக்க வைக்கும் ஊசி. பி38இன் முதல் தொகுதிகளில் அது சதுர வடிவில் இருந்தது. வெடித்த தோட்டாக் கூட்டை இழுத்தெடுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் ஸ்லைடுக்குள் மறைந்திருந்தது. உற்பத்தி ஆரம்பித்த பிறகுதான் எக்ஸ்ட்ராக்டர் வெளியே வந்தது, பின்னும் உருண்டையாக மாறியது. என்னுடையதில் பின் உருண்டை, எக்ஸ்ட்ராக்டர் வெளியே. உற்பத்திக்கு முந்தைய துப்பாக்கியில் உற்பத்திக்குப் பிந்தைய திருத்தம் எப்படி வரும்? இதை வாங்கும் முன் நானே பார்த்திருக்கலாம், பத்து நிமிட வேலை. வால்தரின் உண்மையான ஆரம்ப மாதிரிகளில் ஃபைரிங் பின்னை அடிக்கும் சுத்தியலான ஹேமரே வெளியில் தெரியாது; என்னுடையதில் தெரிந்தது.

கடைசியாகப் பேரலைக் கழற்றினார். பேரலை ஸ்லைடோடு பூட்டும் சிறு கட்டையின் இடுக்கில், அரம் நுழையாத இடத்தில், ஒரு பொடிக் கழுகு. அதன் கீழ் 88. அது ஸ்ப்ரீவெர்க் ஆலையின் ராணுவப் பரிசோதனை முத்திரை. அந்த ஆலை பி38 செய்ய ஆரம்பித்ததே 1942இல். ஜெர்மானிய ராணுவம் இந்தப் பிஸ்டலை ஏற்றதோ 1938இல். அவசரத்தில் செய்ததால் ஸ்ப்ரீவெர்க் பிஸ்டல்களில் இரும்பைச் செதுக்கிய மெஷினின் மில்லிங் தடம் அப்படியே நிற்கும். "கைவேலை" என்று எனக்குக் காட்டியது அதைத்தான்.

பணத்தை விட எனக்குப் பயம் தந்தது இன்னொன்று. நம்பரை அழித்த துப்பாக்கியை வைத்திருப்பது பல நாடுகளில் குற்றம். நான் அன்றே உரிம அதிகாரிகளிடம் எழுத்தில் தெரிவித்துப் பிஸ்டலை ஒப்படைத்தேன்.

விற்றவரை அழைத்தேன். கடிதத்தின் கடைசி வரியைப் படிக்கச் சொன்னார். "இது கருத்து மட்டுமே" என்று பொடி எழுத்தில் இருந்தது. அந்த நிபுணர் யார், எங்கே இருக்கிறார் என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

எனக்கு விற்கும்போது, இதே போல இன்னொன்றும் தன்னிடம் இருப்பதாகச் சொல்லியிருந்தார். வெள்ளை இரும்பு, நம்பர் இல்லை, தட்டச்சுக் கடிதம் உண்டு என்று பி38 ஏதாவது உங்களிடம் வந்தால், பேரலைக் கழற்றிப் பார்க்க விடச் சொல்லுங்கள். என்னைக் கழற்ற விடவில்லை. "பழைய பொருள், கை வைக்கக் கூடாது" என்றார், நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.