மூன்று அங்குலம் வெட்டிய பட்டர்: இருபது மாத அனுபவம்

"உங்கள் மகளுக்குப் பெரியவர்களின் கோல்ஃப் பட்டரை வெட்டிக் கொடுத்தீர்களே, என் பையனுக்கும் அப்படிச் செய்யலாமா?" என்று நேற்று நண்பர் ஒருவர் கேட்டார். பட்டர் என்றால் கோல்ஃபில் பந்தைக் குழிக்குள் உருட்டித் தள்ளும் மட்டை. இரண்டே வரியில் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அடங்கியிருந்த எரிச்சலெல்லாம் கிளம்பி வந்துவிட்டது.

மகளுக்கு அப்போது 12 வயது. சிறுவர்களுக்கான பட்டர் ஒன்று அவளிடம் இருந்தது. பந்தில் படும்போது தகர டப்பாவைத் தட்டியது போலச் சத்தம் வரும். ஒருநாள் என்னுடைய 35 அங்குல பட்டரில் நான்கு பந்துகளை உருட்டிப் பார்த்தாள், அதன்பின் தன்னுடையதைத் தொடவே இல்லை. பிடியைக் கீழே இறக்கிப் பிடித்துச் சமாளித்தாள். தண்டின் மேல்நுனி வயிற்றில் இடித்தது, சட்டையில் மாட்டியது. சரி, வெட்டிவிடலாம் என்று துணிந்தேன்.

வெட்டுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ரப்பர் பிடியைக் கத்தியால் நெடுக்காகக் கீறி உரித்து, எஃகுத் தண்டின் மேல்முனையில் அளவு குறித்து, குழாய் வெட்டும் கருவியை நான்கைந்து சுற்றுச் சுற்றினால் துண்டு கையோடு வந்துவிடும். புதுப் பிடி மாட்டியதையும் சேர்த்து அரை மணி நேரத்தில் 32 அங்குல பட்டர் தயார். போட்டி விதிப்படி ஒரு மட்டை 18 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்பதால் அந்தப் பக்கத்திலும் கவலை இல்லை. அன்று மாலை என்னைப் போன்ற கைவினைஞன் உலகத்திலேயே இல்லை என்ற நினைப்பில் இருந்தேன்.

மறுநாள் அவள் இரண்டு முறை வீசிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா, இதில் தலையைக் காணோம்."

தலை, அதாவது தண்டின் கீழ்முனையில் பந்தைத் தட்டும் பகுதி, இருந்த இடத்தில்தான் இருந்தது. நான் வெட்டியெடுத்த துண்டை நிறுத்தால் 10 கிராம் தேறும், அவ்வளவுதான். ஆனால் சுத்தியலைக் காம்பின் நுனியில் பிடிப்பதற்கும் கழுத்தருகே பிடிப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! அதே இரும்புதான், கழுத்தருகே பிடித்தால் விளையாட்டுப் பொம்மை போல இருக்கும். பட்டரிலும் அதே கதை. வீசும்போது தலையின் கனம் கையில் எவ்வளவு தெரிகிறது என்பதை ஸ்விங் வெயிட் என்ற அளவில் சொல்வார்கள். தண்டில் அரை அங்குலம் குறைந்தால் அது கிட்டத்தட்ட 3 புள்ளிகள் இறங்கும். நான் இறக்கியது 18 புள்ளிகள். ஒரு புள்ளியை மீட்க, தலையில் ஏறத்தாழ 2 கிராம் ஏற்ற வேண்டும். கணக்குப்படி 36 கிராம். 350 கிராம் தலையில் பத்தில் ஒரு பங்கு. நீளம் குறைந்த பட்டர்களுக்குக் கனமான தலை வைத்து விற்கிறார்களே, அது ஏன் என்று வெட்டிய பிறகுதான் எனக்குப் புரிந்தது.

தலையின் கனம் கையில் தெரியாததால் நீண்ட உருட்டல்கள் எல்லாம் குழிக்கு முன்பே நின்றன. எரிச்சலில் ஓங்கித் தட்டினாள், பந்து குழியைத் தாண்டி ஓடியது. பிறகு ஈயப் பட்டை வாங்கி ஒட்டினேன். முதலில் அடிப்பாகத்தில் ஒட்டினேன். புல்லில் உரசி ஒரே வாரத்தில் பிய்ந்தது. பின்பக்கக் குழிவுக்கு மாற்றினேன். காலை ஈரத்தில் அதன் ஓரம் தூக்கிக்கொள்ளும். தன் முறைக்குக் காத்திருக்கும் பெண்ணின் விரல் சும்மா இருக்குமா? நகத்தால் சுரண்டுவாள். போட்டி நடுவே எடையைக் கூட்டவோ குறைக்கவோ விதியில் இடமில்லை என்பது ஒரு பக்கம், ஈயத்தைத் தொட்ட கையோடு பிஸ்கட் எடுக்கிறாளே என்பது மறுபக்கம். "கையைக் கழுவு" என்று இந்த இருபது மாதத்தில் எத்தனை முறை கத்தியிருப்பேனோ!

கணக்குச் சொன்ன 36 கிராமையும் ஒருமுறை ஏற்றிப் பார்த்தேன். ஒன்பது குழி முடிவதற்குள் மணிக்கட்டு வலிக்கிறது என்றாள். சுரண்டிச் சுரண்டிக் குறைத்து 22 கிராமில் நிறுத்தினோம். பதினெட்டுப் புள்ளிக் கணக்கை ஒரு சிறுமியின் மணிக்கட்டு தள்ளுபடி செய்துவிட்டது.

நியாயமாகவும் பேச வேண்டும் அல்லவா? நிற்கும் நிலை முதல் நாளிலேயே சரியாகிவிட்டது. வயிற்றில் இடிக்கவில்லை, முழங்கை தளர்ந்தது, கண் பந்துக்கு நேர் மேலே வந்தது. ஆறடிக்குள் இருந்த பந்துகளை அவள் குழிக்குள் தள்ளிய நிதானத்தைப் பார்த்து, எனக்கும் 32 அங்குலம் ஒத்துவருமோ என்று யோசித்தேன்.

போன மாதம் அவள் உயரம் 158 சென்டிமீட்டரைத் தொட்டது. பட்டரைப் பிடித்தால் கூன் விழத் தொடங்கியது. நல்லவேளையாக, வெட்டிய துண்டை டிராயரில் போட்டு வைத்திருந்தேன். குழாய் வெட்டும் கருவி விளிம்பை உள்பக்கமாக மடக்கிவிடுவதால் துளை குறுகியிருந்தது. அரத்தால் அதைத் தேய்த்துத் திறந்து, உள்ளே இறுக்கமாகப் பொருந்தும் மரக்குச்சியை எபாக்சி பசையில் தோய்த்துச் செருகி, அதன்மேல் அந்தப் பழைய துண்டிலிருந்தே இரண்டு அங்குலத்தை ஏற்றினேன். ஒரே தண்டின் துண்டு என்பதால் விட்டம் மயிரிழை பிசகாமல் பொருந்தியது. பசை காய ஒரு இரவு. மேலே பிடி மாட்டியதும் ஒட்டு இருந்த இடமே தெரியவில்லை. 34 அங்குலம் ஆனது, 12 புள்ளிகள் தாமாகவே திரும்பி வந்தன. அந்த ஈயச் சனியனை முழுவதுமாக உரித்து எறிந்தேன். இருபது மாதத்தில் எனக்கு வாய்த்த மிகப் பெரிய சந்தோஷம் அதுதான்.

இவ்வளவும் சொன்ன பிறகு நண்பருக்கு நான் அனுப்பிய பதில்: வெட்டாதீர்கள். நீளம் குறைந்த, தலை கனத்த பட்டர் ஒன்றைத் தேடி வாங்குங்கள். உடனே அவர் கேட்டார்: "அப்படியானால் உங்கள் மகளின் பட்டரை என் பையனுக்குத் தருகிறீர்களா?"

தர மாட்டேன். மிச்சமிருக்கும் ஓர் அங்குலம் இன்னும் டிராயரில்தான் இருக்கிறது. அவள் வளர்ந்துகொண்டே இருக்கிறாள்.