உண்மையான ஆய்விதழின் பெயரில் போலித் தளம்: கட்டுரை அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

சமூக அறிவியல் ஆய்விதழ் ஒன்றுக்குக் கட்டுரை அனுப்பும் யோசனையில் இருப்பவர்கள், குறிப்பாக முதல் கட்டுரையை அனுப்பப்போகும் முனைவர் பட்ட ஆய்வாளர்கள், தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள். நானும் என் தோழியும் சேர்ந்து எழுதிய கட்டுரை இப்போது ஒரு போலித் தளத்தில் சிக்கிக் கிடக்கிறது. பல ஆண்டுகளாக வெளிவரும், மதிப்புள்ள ஓர் உண்மையான இதழின் பெயரை வைத்துக்கொண்டு அந்தத் தளம் நடக்கிறது. பணம் போனதைக்கூட எப்படியோ தாங்கிக்கொள்ளலாம். கட்டுரையைத் திரும்ப வாங்க முடியவில்லை என்பதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது.

போலி இதழ் என்றதும் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருவது, பெயரே கேள்விப்படாத, எதை அனுப்பினாலும் போட்டுவிடுகிற இதழ்கள்தான். அதைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. 2013-ல் ஜான் போஹானன் என்ற பத்திரிகையாளர், வேண்டுமென்றே பிழைகளோடு தயாரித்த ஒரு கட்டுரையை 304 திறந்த அணுக்க (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய) இதழ்களுக்கு அனுப்பிப் பார்த்தார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. 'சயின்ஸ்' இதழில் அது வெளிவந்தபோது பெரிய பேச்சானது. எங்களுக்கு நடந்தது அந்த வகை இல்லை. இதில் இதழ் உண்மையானது, தளம்தான் போலி. ஆங்கிலத்தில் இதை 'ஹைஜாக்டு ஜர்னல்' என்கிறார்கள், கடத்தப்பட்ட இதழ்.

செய்கிற விதம் இதுதான். பல ஆண்டுகளாக வெளிவரும் ஓர் இதழைப் பிடிக்கிறார்கள். பெரும்பாலும் அது ஒரு சங்கமோ பல்கலைக்கழகத் துறையோ நடத்தும் இதழாக இருக்கும். அச்சில் ஒழுங்காக வரும், இணையத்தில் அவ்வளவு பலமாக இருக்காது. அதே பெயரில் ஒரு டொமைன் வாங்குகிறார்கள். இதழுக்குரிய ஐஎஸ்எஸ்என் அடையாள எண், அட்டைப்படம், ஆசிரியர் குழுவின் பெயர்கள், இதழின் நோக்கம் பற்றிய பத்தி எல்லாம் அச்சு அசலாக எடுத்து ஒட்டுகிறார்கள். இதழ்களை நடத்த உதவும் ஓபன் ஜர்னல் சிஸ்டம்ஸ் இலவச மென்பொருள், யார் வேண்டுமானாலும் நிறுவலாம் என்பதால், கட்டுரை சமர்ப்பிக்கும் பக்கமும் நாம் பார்த்துப் பழகிய மாதிரியே இருக்கும். இதனால் வழக்கமாக நாம் செய்கிற சோதனை எல்லாவற்றிலும் அது பாஸாகிவிடுகிறது. ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்ப் பட்டியலில் இதழ் இருக்கிறதா? இருக்கிறது. ஐஎஸ்எஸ்என் சரியா? சரி. ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் நிஜமான பேராசிரியர்களா? ஆமாம், அவர்களுடைய புத்தகங்களைப் படித்துத்தான் நாமே வளர்ந்திருப்போம். அவர்களுக்கு மட்டும் இப்படி ஒரு தளம் இருப்பதே தெரியாது.

எங்கள் கட்டுரை வீட்டு வேலை செய்யும் பெண்கள் முன்பணக் கடனை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது பற்றியது. பேட்டிகளை ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்குவது எவ்வளவு நாள் பிடிக்கும் வேலை என்று களப்பணி செய்தவர்களுக்குத் தெரியும். அதன் பிறகு புனைபெயர் வைப்பது, ஆள் அடையாளம் தெரிந்துவிடக்கூடிய விவரங்களை எடுப்பது, இதழின் சொல் வரம்புக்குள் வெட்டிக் குறைப்பது, மேற்கோள் பாணியை மாற்றுவது, ஆசிரியர் பெயர் இல்லாத பிரதி ஒன்று, பெயரோடு முகப்புப் பக்கம் தனியாக ஒன்று என்று எல்லாம் முறையாகத் தயார் செய்து அனுப்பினோம். சமூக அறிவியல் இதழ்களில் பெரும்பாலும் எழுதியவர் யார் என்று மதிப்பீட்டாளருக்கும், மதிப்பீட்டாளர் யார் என்று எழுதியவருக்கும் தெரியாமல்தான் மதிப்பீடு நடக்கும். அதற்காகத்தான் அந்தப் பெயரில்லாப் பிரதி. இவர்களோ 'பெயரோடு இருக்கும் ஒரே வேர்ட் கோப்பாக அனுப்பினால் போதும்' என்று பதில் போட்டார்கள். முதல் அறிகுறி அதுதான்.

மதிப்பீடு வெகு சீக்கிரம் வந்தது. உண்மையான இதழில் எடிட்டர் மேசையிலேயே திருப்பி அனுப்புவதானால் சில நாளில் பதில் வரலாம். மதிப்பீட்டுக்குப் போன கட்டுரை என்றால் மாதக்கணக்கில் ஆகும், சில இதழ்களில் ஒரு வருடம்கூட. இங்கே இரண்டு ரிவியூவர்கள், ஆளுக்கு இரண்டே வரி. ஒருவர் 'மொழி நன்றாக உள்ளது, சமீபத்திய மேற்கோள்களைச் சேர்க்கவும்' என்று எழுதியிருந்தார். இன்னொருவர் 'சோதனை முடிவுகளை வரைபடமாகத் தரவும்' என்றிருந்தார். பேட்டிகளை வைத்து எழுதிய கட்டுரையில் சோதனை எங்கிருந்து வரும்? அந்தக் கட்டுரையைத் திறந்துகூடப் பார்க்காத ஒருவர் எழுதிய வரி அது. கறாரான ரிவியூவர் நம் வாதத்தைக் கிழித்துத் தொங்கவிட்டாலும் பரவாயில்லை, படித்திருக்கிறார் என்ற நிறைவாவது இருக்கும்.

அடுத்து ஏற்பு கடிதம், கூடவே கட்டணம். பதிப்புக் கட்டணம் கேட்டாலே மோசடி என்று நான் சொல்லவரவில்லை. ஏற்றுக்கொண்ட பிறகு கட்டணம் வாங்கும் நேர்மையான திறந்த அணுக்க இதழ்கள் உண்டு. பொருளியலில் சமர்ப்பிக்கும்போதே கட்டணம் வாங்கும் நல்ல இதழ்களும் உண்டு. அதே சமயம், சந்தாவில் நடக்கும் சமூக அறிவியல் இதழ்களில் பெரும்பாலானவை எழுதியவரிடம் எதுவும் வாங்குவதில்லை. சங்கங்களும் பல்கலைக்கழகங்களும் செலவை ஏற்று, எழுதுகிறவர், படிக்கிறவர் இருவருக்கும் இலவசமாக நடத்தும் இதழ்களும் நிறைய இருக்கின்றன. ஆக, பணம் கேட்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. கட்டண விவரம் தளத்தில் முன்கூட்டியே எழுதியிருக்கிறதா, பணம் யார் பெயருக்குப் போகிறது என்று பாருங்கள். எங்களுக்கு வந்த ரசீதில் இதழின் பெயரும் இல்லை, வெளியிடும் சங்கத்தின் பெயரும் இல்லை. சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு கன்சல்டன்சியின் பெயர் இருந்தது. கேட்டதற்கு 'எங்கள் கட்டணப் பங்குதாரர்' என்று பதில்.

அப்புறம் நடந்ததுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்தது. ஏற்கெனவே வெளியானவற்றோடு வரிகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் சதவீதம் அதிகமாக வந்திருக்கிறது, குறைத்துத் தருவதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். அது தேவையில்லை, மேற்கோள்களும் முறையியல் வரிகளும்தான் அதில் ஒத்துப்போயிருக்கும், பட்டியலை அனுப்புங்கள், நாங்களே பார்க்கிறோம் என்று எழுதினோம். பட்டியல் வரவில்லை. கொஞ்ச நாளில் கட்டுரை தளத்தில் ஏறிவிட்டது. அச்சுப்படி ஒன்றை எங்களுக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கவே இல்லை. திறந்து பார்த்தால் வாக்கியங்களை ஏதோ மென்பொருளில் போட்டு மாற்றியிருக்கிறார்கள். எங்கள் வாக்கியங்களோடு விட்டிருந்தால்கூட சரி. பேட்டி கொடுத்த பெண்களின் வாய்மொழியையும் மாற்றியிருக்கிறார்கள். ஒரு பெண், கடன் பாக்கி இருக்கும்போதே வேலையை விட்டு வெளியே வந்ததைச் சொன்ன இடம் அது. 'நானாகத்தான் விட்டேன், இனி வரமாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன்' என்று சொல்லியிருந்தார். கட்டுரையின் வாதமே அந்த வரியின் மேல்தான் நிற்கிறது. வெளியான வடிவத்தில் அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார் என்று இருக்கிறது. மேற்கோள் குறிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன, அவரே அப்படிச் சொன்னது போல. நம்பிப் பேசியவரின் சொல்லை இப்படித் திருப்பிப் போட்டு உலகத்துக்குக் காட்டுவது என்ன நியாயம்?

உடனே திரும்பப் பெறக் கேட்டோம். அதற்கும் கட்டணம் என்றார்கள். கட்டவில்லை. பதிப்புரிமை மாற்றும் படிவத்தில் நாங்கள் கையெழுத்து போட்டிருக்கவில்லை, அதனால் உரிமை எங்களிடம்தான் இருக்கிறது என்று எழுதினோம். பதில் நின்றுவிட்டது. கட்டுரை அங்கேயே இருக்கிறது. இதில் உள்ள பெரிய சங்கடம் இதுதான்: நேர்மையான இதழ் எதுவாக இருந்தாலும், இந்தக் கட்டுரை வேறெங்கும் வெளியாகவில்லை என்று உறுதி கேட்கும். நம் வேலை நம் கையை விட்டும் போகிறது, வேறு வாசலும் அடைபடுகிறது.

உண்மை வெளியே வந்தது ஒரு டிஓஐ எண்ணால், அதாவது கட்டுரைக்குத் தரப்படும் நிரந்தர அடையாள எண்ணால். அந்தத் தளத்தின் பழைய இதழ்ப் பக்கத்தில் இருந்த ஒரு கட்டுரையின் டிஓஐ-ஐ எடுத்து டிஓஐ தளத்தில் போட்டுப் பார்த்தேன். அது வேறொரு முகவரிக்குப் போய் நின்றது. அதே அட்டை, அதே பெயர், வேறு தளம். அதுதான் அசல். அசலின் புதிய இதழில் ஏழெட்டுக் கட்டுரைகள்தான், எல்லாமே சமூகவியல். போலியின் புதிய இதழைத் திறந்தால் கான்கிரீட் வலிமை, கால்நடை நோய், செவிலியர் பயிற்சி என்று பக்கம் பக்கமாக ஓடுகிறது. பழைய இதழ்களை அசலிலிருந்து எடுத்து ஒட்டிவிட்டு, புதியதில் மட்டும் கல்லா கட்டுகிறார்கள்.

அதனால் அனுப்பும் முன் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, இதழ் உண்மையா என்று பார்ப்பதோடு நிற்காமல், நீங்கள் திறந்திருக்கும் தளம் அந்த இதழுடையதுதானா என்று பார்ப்பது. தேடுபொறியில் முதலில் வருவதை நம்பாதீர்கள். மின்னஞ்சலில் வந்த இணைப்பை அறவே நம்பாதீர்கள். பழைய கட்டுரை ஒன்றின் டிஓஐ எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள், புதிய கட்டுரை ஒன்றையும் அதே மாதிரி சோதியுங்கள். ஐஎஸ்எஸ்என் போர்ட்டலில் எண்ணைத் தட்டி, வெளியீட்டாளர் யார், எந்த நாடு என்று தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். ஐஎஸ்எஸ்என் என்பது அடையாள எண் மட்டுமே, தரச்சான்று இல்லை. டொமைன் எப்போது பதிவானது என்று ஹூஇஸ் தேடலில் தெரிந்துகொள்ளலாம். பல பத்தாண்டு பழைய இதழின் தளம் போன வருடம் பதிவானது என்றால் நிறுத்திக்கொண்டு விசாரியுங்கள். ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, திரும்பப் பெறப்பட்ட ஆய்வுக் கட்டுரைகளைக் கண்காணிக்கும் தளம் 2022-லிருந்து, அன்னா அபல்கினா என்ற ஆய்வாளருடன் சேர்ந்து, கடத்தப்பட்ட இதழ்களின் பட்டியல் ஒன்றை இலவசமாக வைத்திருக்கிறது. அதிலும் பெயரைத் தேடுங்கள். அதில் இல்லை என்பதால் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளக்கூடாது, புதிது புதிதாக முளைத்துக்கொண்டே இருக்கின்றன. திறந்த அணுக்க இதழ் என்றால் அத்தகைய இதழ்களின் பட்டியலான டிஓஏஜே-யில் பாருங்கள். 'திங்க் செக் சப்மிட்' தளத்தில் உள்ள கேள்விகளும் புதியவர்களுக்கு நல்ல துணை.

இவை எல்லாவற்றையும்விட நான் நம்புவது ஒரு வழியை. ஆசிரியர் குழுவில் இருக்கும் ஒருவரின் மின்னஞ்சலை அவருடைய பல்கலைக்கழகப் பக்கத்திலிருந்து எடுத்து, 'இந்த முகவரியில் உள்ள தளம் உங்கள் இதழுடையதுதானா?' என்று ஒரே ஒரு வரி எழுதிக் கேளுங்கள். இதழ்த் தளத்தில் கொடுத்திருக்கும் மின்னஞ்சலுக்கு எழுதாதீர்கள், தளம் போலி என்றால் அது மோசடிக்காரர்களிடமே போகும். பெரிய பேராசிரியருக்கு எப்படி எழுதுவது என்று தயங்க வேண்டாம். நாங்கள் எழுதியபோது வந்த பதிலில் அதிர்ச்சியும் இருந்தது, நன்றியும் இருந்தது. அசல் இதழின் முகப்பில் இப்போது எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள்.

இதெல்லாம் ஏதோ ஒரு மூலையில் நடக்கும் சின்ன விஷயம் இல்லை. போலித் தளங்களின் முகவரிகள் ஸ்கோபஸ் பட்டியலுக்குள்ளேயே நுழைந்திருந்தது தெரியவந்த பிறகு, இதழ்களின் முகப்பு இணைப்பைக் கொடுப்பதையே அவர்கள் 2023 இறுதியில் நிறுத்தினார்கள். சட்டமும் எட்டாமல் இல்லை. ஆய்வாளர்களை ஏமாற்றியதாக ஒரு பதிப்பகத்தின் மீது அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2016-ல் வழக்குப் போட்டது. 2019-ல் நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொன்னது. ஆனால் முகவரியே இல்லாத ஒரு தளத்தின் மீது தனி ஆய்வாளர் எங்கே போய் வழக்குப் போடுவது?

ஏற்கெனவே சிக்கியவர்களுக்கு: திரும்பப் பெறும் கட்டணத்தைக் கட்டாதீர்கள், கட்டினாலும் எடுப்பார்கள் என்று உறுதி இல்லை. பதிப்புரிமைப் படிவம் வந்தால் கையெழுத்து போடாதீர்கள். எல்லா மின்னஞ்சலையும் தேதியோடு சேமித்து வையுங்கள். திரும்பப் பெறுகிறோம் என்று எழுத்தில் ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பதில் வராவிட்டாலும் அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். பணம் அட்டையில் போயிருந்தால் வங்கியில் உடனே தகராறு பதிவு செய்யுங்கள், அதற்குக் காலக்கெடு உண்டு. வழிகாட்டியிடம் மறைக்காதீர்கள். கட்டுரையை வேறு இதழுக்கு அனுப்பும்போது, நடந்ததை எடிட்டருக்கான கடிதத்திலேயே முதலில் சொல்லிவிடுங்கள். பின்னால் அவர்களே கண்டுபிடித்தால் ஒரே கட்டுரையை இரண்டு இடத்தில் போட்ட பழி நம் மேல் விழும். அசல் இதழின் எடிட்டர் எங்களுக்குச் சொன்னதும் இதுவேதான். முழு விவரத்தோடும் மின்னஞ்சல் நகல்களோடும் அனுப்பினால் மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொள்வதைப் பரிசீலிக்கிறோம் என்றார். அனுப்பியிருக்கிறோம். எங்கள் அசல் வடிவத்தை, அவரிடம் கேட்டுக்கொண்டு, 2016-லிருந்து இயங்கும் சோஷ்ஆர்க்கைவ் முன்பதிப்புக் களஞ்சியத்திலும் (இதழில் வருமுன் கட்டுரையைப் பொதுவில் வைக்கும் இடம்) ஏற்றியிருக்கிறோம். முன்பதிப்பை எல்லா இதழும் ஏற்பதில்லை, கேட்காமல் ஏற்ற வேண்டாம்.

முன்பணக் கடனும் வீட்டு வேலையும் பற்றித் தேடும்போது போலித் தளத்தில் இருக்கும் எங்கள் கட்டுரை உங்கள் கண்ணில் பட்டால், அதை மேற்கோள் காட்டாதீர்கள். அதில் மேற்கோள் குறிக்குள் இருக்கும் வரிகள் அந்தப் பெண்கள் சொன்னவை அல்ல. முன்பதிப்பில் இருப்பதுதான் அவர்கள் பேசியது.