ஃபேடா, டேப்பரா? முகத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம்

போன தை மாதம் கடலூர் பக்கத்துத் திருவந்திபுரத்தில் என் சித்தி மகளுக்குக் கல்யாணம். முந்தின நாள் சாயங்காலம் நான், என் தம்பி, மச்சான் மூவரும் ஒரே சலூனுக்குப் போய் ஒரே வெட்டு வெட்டிக்கொண்டோம். காதுக்கு மேலே தோல் தெரியும் ஹை ஃபேட், உச்சியில் மூன்று விரல் நீளத்துக்கு முடி, முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். ஆல்பம் வந்தபோது மூவரும் தோளோடு தோள் நிற்கும் படம் ஒன்று இருந்தது. தம்பியின் உருண்டை முகம் ஒரு சுற்று மெலிந்து அழகாகத் தெரிந்தது. மச்சானுக்குத் தாடை எடுப்பாகி, மிலிட்டரிக்காரர் மாதிரி ஒரு கம்பீரம் வந்திருந்தது. என் முகம் மட்டும் வழக்கத்தைவிட நீண்டு, கன்னம் ஒட்டி, நாலு நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் போல இருந்தது.

அதே கை, அதே மெஷின், அதே நம்பர். வேறாக இருந்தது முகம்தான். அன்றிலிருந்து இதைக் கொஞ்சம் அக்கறையாகவே கவனித்து வருகிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் வழக்கமாகப் போகும் கடை அண்ணனிடம் படத்தைக் காட்டினேன். அவர் சொன்ன ஒரு வார்த்தை இன்னும் மனதில் நிற்கிறது. "மேல எவ்ளோ வைக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க தம்பி. சைடுல எவ்ளோ எடுக்கணும்னு ஒருத்தரும் யோசிக்கறது இல்ல." என் அனுபவத்திலும் அதுதான் உண்மை. முகத்தை மாற்றிக் காட்டுவது முன்முடியைவிடக் காதுக்கு மேலே இருக்கும் அந்த நாலு விரல் இடம்தான். ஆகவே இந்த அலசலில் பெரிய பங்கு அந்த இடத்துக்கே.

முதலில் அளவு

கண்ணாடியில் பார்த்து "எனக்கு என்ன முகம்" என்று கேட்டால் யாருக்கும் சரியான பதில் வராது. தினமும் பார்க்கிற முகம் என்பதால் கண் பழகிப்போயிருக்கும். பள்ளிக்கூட ஸ்கேலோ தையல் டேப்போ எடுத்து நான்கு அளவு பாருங்கள்: முடி தொடங்கும் இடத்திலிருந்து மோவாய் வரை நீளம், நெற்றியின் அகலம், கன்ன எலும்பு இரண்டுக்கும் இடையில், தாடையின் இரண்டு மூலைகளுக்கும் இடையில். டேப்பை முகத்தோடு வளைக்காமல் நேராகப் பிடிக்க வேண்டும்.

என் முகம் நீளம் 21 சென்டிமீட்டர், கன்ன எலும்பில் 13. ஒன்றரை மடங்கையும் தாண்டிவிட்டது, அது நீள முகம். தம்பிக்கு 17.5க்கு 14.5. நீளமும் அகலமும் நெருங்கி வருவதாலும், தாடையில் மூலை இல்லாமல் வளைந்து இறங்குவதாலும் அது வட்ட முகம். மச்சானுக்கு நெற்றியும் தாடையும் ஏறத்தாழ ஒரே அகலம், தாடை மூலை கத்தியால் சீவியது போல இருக்கும். அது சதுரம். நெற்றி அகலமாக இருந்து மோவாய் கூம்பினால் இதய வடிவம். கன்ன எலும்பு மட்டும் அகலமாகி, நெற்றியும் மோவாயும் ஒடுங்கினால் வைர வடிவம். எதிலும் தூக்கலாக இல்லாமல் கன்னத்தில் சற்று அகன்று கீழே மெல்ல ஒடுங்கினால் முட்டை வடிவம். இந்த முகக்காரர்கள் எந்த வெட்டுக்கும் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம். மண்டையின் வடிவம் முகத்தின் வடிவத்திலிருந்து வேறு. அது தெரிவது மொட்டை போட்ட அன்றுதான். திருவந்திபுரம் மலையில் நீங்கள் மொட்டை போட்டபோது வீட்டில் யாராவது படம் எடுத்து வைத்திருந்தால் அதைத் தேடிப் பாருங்கள். பின்மண்டை தட்டையா, உச்சி கூம்பா, பழைய தழும்பு எங்கே என்பதெல்லாம் அதில் இருக்கும். பின்மண்டை தட்டையானவருக்கு அங்கே ஒட்ட வெட்டினால் பக்கவாட்டில் பார்க்க நன்றாக இருக்காது.

பக்கவாட்டில் இரண்டு வழி

ஃபேட் என்றால் கீழே தோலிலோ ஒன்றாம் நம்பரிலோ தொடங்கி மேலே போகப் போகக் கறுப்பு கூடிக்கொண்டே வருவது. அது முடியும் உயரத்தை வைத்துத்தான் லோ, மிட், ஹை என்கிறார்கள். லோ ஃபேட் காதுக்குச் சற்று மேலேயே கரைந்துவிடும். மிட் ஃபேட் நெற்றிப்பொட்டு அளவுக்கு வரும். ஹை ஃபேட் மண்டை வளையத் தொடங்கும் இடம் வரை ஏறிவிடும். டேப்பர் அப்படியல்ல. அதில் கிருதாவும் பிடரியும் மட்டுமே மெலியும். நடுவில் காதைச் சுற்றி முடி இருக்கும், அதைக் கத்தரியால் சீப்பு வைத்து வெட்டுவார்கள்.

இரண்டும் முகத்தில் செய்யும் வேலை நேர் எதிரானது. ஃபேட் பக்கவாட்டு அகலத்தை எடுத்துவிடுகிறது. அகலம் குறைந்தால் முகம் நீண்டு தெரியும். தம்பிக்கு அது வரம். உருண்டைக் கன்னத்துக்கு மேலே இரண்டு பக்கமும் முடி புஸ்ஸென்று நின்றால் முகம் இன்னும் அகலமாகிவிடும். அவன் காலேஜ் படித்த காலத்தில் அப்படித்தான் இருந்தான். எனக்கு அதே ஃபேட் கெடுதல். ஏற்கெனவே நீண்ட முகத்தில் பக்கத்தையும் சுரண்டி, மேலேயும் உயர்த்திவிட்டால் வேறு என்ன ஆகும்? நீள முகத்துக்கு டேப்பர்தான், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. காதுக்கு மேலே ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் முடி இருந்தாலே முகம் நிறைந்து தெரிகிறது.

சதுர முகத்துக்கு இரண்டும் பொருந்தும். தாடையின் கூர்மையைக் காட்ட விரும்பினால் ஃபேட், கொஞ்சம் மென்மையாகத் தெரிய வேண்டும் என்றால் டேப்பர். மச்சான் முதலாவதை எடுத்துக்கொண்டார், அவருக்கு அதுவே சரி. வைர முகத்துக்கு நான் ஹை ஃபேட் சொல்லவே மாட்டேன். ஒடுங்கிய நெற்றிப்பொட்டில் இருக்கிற முடியையும் எடுத்துவிட்டால் கன்ன எலும்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். இதய முகத்துக்கும் லோ ஃபேடுக்கு மேலே போகாமல் இருப்பது நல்லது. காது சற்று வெளியே நிற்பவர்கள் எந்த முகமானாலும் டேப்பர் பக்கம் வாருங்கள், காதைச் சுற்றி இருக்கும் முடி அதைத் தாங்கிக்கொள்ளும்.

செலவும் பராமரிப்பும் இதே இடத்தில்தான் பிரிகின்றன. மெஷினில் ஒன்றாம் நம்பர் 3 மில்லிமீட்டர், இரண்டு 6, மூன்று கிட்டத்தட்ட 10, நான்கு 13 மில்லிமீட்டர். தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒன்றேகால் சென்டிமீட்டர் வளரும், அதாவது பதினைந்து நாளில் 6 மில்லிமீட்டர். இன்று ஒன்றாம் நம்பரில் எடுத்த பக்கம் இரண்டே வாரத்தில் மூன்றாம் நம்பரை எட்டிப்பிடித்துவிடும். ஃபேடின் அழகே அந்தக் கரைதலில்தான் இருக்கிறது, அது போனபின் மீதி இருப்பது சாதாரண மெஷின் கட்டிங். ஆகவே ஃபேட் வைத்துக்கொள்பவர் மாதம் இருமுறை நாற்காலியில் உட்கார வேண்டும். டேப்பர் நான்கு, ஐந்து வாரம் தாங்கும். வளர்ந்தாலும் எல்லாம் சேர்ந்து வளர்வதால் அலங்கோலமாகத் தெரியாது. சம்பளத்தில் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

கல்யாணத்துக்கு முன் ஒரு தடவை, பெயர் வேண்டாம், ஒரு கடையில் நான் "சைடு கம்மியா" என்று மட்டும் சொன்னேன். முடிக்கும்போது காதுக்கு மேலே வெள்ளையாக இருந்தது. கேட்டதற்கு "இப்ப எல்லாரும் இதான் வைக்கறாங்க" என்றார்கள். வளர்ந்து சரியாக ஆறு வாரம் ஆனது. அன்று "கத்தரியால் வெட்டுங்கள்" என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் போதும்.

மேலே என்ன வைப்பது

இங்கே போட்டி மூன்றுக்குள். முன்முடியைத் தூக்கி நிறுத்தும் க்விஃப், நெற்றியில் கொஞ்சம் விழவிடும் ஃப்ரெஞ்ச் க்ராப், வகிடு எடுத்துப் படிய வாரும் பழைய ஒன்சைடு.

க்விஃப் உயரம் கூட்டும். வட்ட முகத்துக்கு ஃபேடோடு சேர்ந்தால் இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடையாது. நீள முகக்காரர்கள் ஆசைப்பட்டாலும் விட்டுவிடுவதே நல்லது. நெற்றிக்கு மேலே கூடும் ஒவ்வொரு விரலும் முகத்தில் சேரும். ஃப்ரெஞ்ச் க்ராப் அதற்கு நேர்மாறு. நெற்றியில் இரண்டு சென்டிமீட்டர் மறைந்தாலே முகத்தின் நீளம் கண்ணுக்குக் குறைந்துவிடும். எனக்கு இப்போது அதுதான், டேப்பரோடு. இரண்டு ஓரங்களிலும் நெற்றி ஏறத் தொடங்கியவர்களுக்கும் க்ராப் கைகொடுக்கும். ஆனால் வட்ட முகத்தில் நேர்கோடாக வெட்டிய க்ராப் போட்டால் முகம் அமுங்கிவிடும். ஆசை இருந்தால் முன்முடியை ஒரு பக்கமாகச் சரித்து வெட்டச் சொல்லலாம்.

ஒன்சைடு வகிட்டை அப்பா காலத்து வெட்டு என்று இளைஞர்கள் ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். இதய முகத்துக்கும் வைர முகத்துக்கும் அதுபோல ஒத்துப்போவது வேறொன்றும் இல்லை. முடி குறுக்கே போவதால் இதய முகத்தில் நெற்றியின் அகலம் பாதியாகப் பிரிந்துவிடும். வகிடு எடுக்கும்போது முடி தானாகப் பிரியும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். தலையைத் துவட்டி, ஈரத்தோடு முன்னுக்குத் தள்ளினால் அது எந்த இடத்தில் பிரிகிறதோ, அதுதான் உங்கள் வகிடு. எதிர்ப்பக்கம் எடுத்தால் நாள் முழுக்கச் சீப்போடு சண்டைதான்.

ரெட்டைச் சுழிக்காரர்களுக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. சுழி இருக்கும் இடத்தில் பாதி நீளத்துக்கு வெட்டினால் முடி குத்திட்டு நிற்கும். ஒன்று அதன் கனத்திலேயே படியும் அளவுக்கு நாலைந்து சென்டிமீட்டர் விட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாம் நம்பருக்குக் கீழே இறங்கிவிட வேண்டும்.

தாடியைப் பற்றி ஒரே வரி: வட்ட முகத்துக்கு மோவாயில் சற்றுக் கூடுதல், கன்னத்தில் குறைவு, நீள முகத்துக்கு அதன் எதிர்.

ஹெல்மெட்டும் உப்புக்காற்றும்

முக வடிவப் படங்களில் இல்லாத ஒன்று நம் ஊர். நான் தினமும் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பைக்கில் போகிறவன். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி, ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று முக்கால் மணி நேரம் ஹெல்மெட்டுக்குள் வேர்த்துக்கொண்டே போக வேண்டும். க்விஃப் அந்தப் பயணத்தைத் தாங்காது. காலையில் பத்து நிமிஷம் செலவழித்து நிறுத்திய முடி ஆபீஸில் ஹெல்மெட்டைக் கழற்றும்போது தோசைபோலப் படிந்திருக்கும். க்ராப்பும், உச்சியிலும் குட்டையாக வெட்டும் க்ரூ கட்டும் அப்படியல்ல, விரலால் நாலு தடவை கோதினால் எழுந்துவிடும். ஒன்சைடு இரண்டுக்கும் நடுவில், ஒரு சீப்பு பையில் இருந்தால் போதும்.

ரேசர் வைத்து வழித்த ஃபேடுக்கு வெயில் காலத்தில் இன்னொரு தொல்லை உண்டு. வழித்த தோலில் ஹெல்மெட்டின் பஞ்சு உரசி, வேர்வையும் சேர்ந்து எனக்குக் காதுக்கு மேலே சிவந்து பொரிந்துவிட்டது. தினமும் வண்டி ஓட்டுகிறவர்கள் தோல்வரை போகாமல் ஒன்றாம் நம்பரோடு நிறுத்திக்கொள்ளலாம், தூரத்திலிருந்து பார்க்க வித்தியாசம் அதிகம் தெரியாது.

மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று அடிக்கத் தொடங்கினால் சுருள், அலைமுடிக்காரர்களின் தலை ஈரப்பதத்தில் உப்பிவிடும். கடற்கரைச் சாலையில் காந்தி சிலையருகே பத்து நிமிஷம் நின்றாலே தெரிந்துவிடும். அவர்கள் உச்சியில் நீளம் குறைத்து, முடியை மெலிதாக்கும் திண்ணிங் கத்தரி போடாமல் வெட்டிக்கொள்வது நல்லது. மெலிந்த நுனிகள்தான் முதலில் பறக்கும். ஜெல் வேர்வையில் கரைந்து நெற்றியில் ஒட்டுகிறது. முடிக்குப் பூசும் பளபளப்பில்லாத கிளே பசை கடலை அளவு போட்டால் தாங்குகிறது.

நாற்காலியில் உட்கார்ந்ததும்

போனில் படம் காட்டுவது தவறில்லை. ஆனால் படத்தில் இருப்பவரின் முகம் உங்கள் முகத்தோடும், அவர் தலைமுடி உங்கள் தலைமுடியோடும் ஒத்துப்போக வேண்டும். நம்மில் பலருக்கு நேரான, தடித்த முடி. பக்கத்தில் குட்டையாக வெட்டினால் படியாமல் நேராக வெளியே நிற்கும் ரகம் அது. அப்படிப்பட்டவர் ஒன்று நன்றாகக் குறைக்க வேண்டும், அல்லது படியும் நீளம் விட வேண்டும். மூன்றாம், நான்காம் நம்பர் இரண்டுங்கெட்டான்.

மூன்று விஷயம் சொன்னால் போதும்: ஃபேட் என்றால் எந்த உயரத்தில் முடிய வேண்டும், டேப்பர் என்றால் காதுக்கு மேலே எத்தனை விரல், நெற்றியில் முடி விழ வேண்டுமா கூடாதா. சந்தேகம் இருந்தால் ஒரு நம்பர் கூட வைத்துத் தொடங்கச் சொல்லுங்கள். அதிகமாக இருந்தால் அங்கேயே குறைத்துக்கொள்ளலாம். முக்கியமான நாளுக்கு முந்தின சாயங்காலம் புது வெட்டுக்குப் போகாதீர்கள். பத்து நாள் முன்னதாகப் போனால், பிடிக்காததைச் சரிசெய்ய நேரம் இருக்கும்.

ஆவணியில் மச்சானின் தங்கைக்குக் கல்யாணம். இந்தத் தடவை தம்பி மிட் ஃபேடோடு க்விஃப், மச்சான் லோ ஃபேடோடு க்ரூ கட், நான் டேப்பரோடு க்ராப். மூன்று பேரும் சேர்ந்தேதான் போகப்போகிறோம், செவ்வாய்க்கிழமை கடை லீவு என்பதால் புதன் காலையில்.