மீரட்டுக்குத் தினமும் போய்வர: காரா, பஸ்ஸா, நமோ பாரத்தா?

2025 தொடக்கத்தில் எங்கள் டீசல் காருக்குப் பத்து வயது முடிந்தது. டெல்லியில் டீசல் வண்டிக்கு அப்போது அதுதான் எல்லையாக இருந்ததால் வெளிமாநிலத்துக்கு வந்த விலைக்குத் தள்ளிவிட்டோம். புதிதாக ஒன்று வாங்குவதா, உத்தரப் பிரதேசத்தின் மீரட்டில் இருக்கும் என் வேலைக்கு வேறு வழி பார்ப்பதா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்த அதே ஜனவரியில்தான் டெல்லியையும் மீரட்டையும் இணைக்கும் அதிவேக வட்டார ரயிலான நமோ பாரத், கிழக்கு டெல்லியின் நியூ அசோக் நகர் வரை வந்தது. மயூர் விஹார் ஃபேஸ் 3-இல் இருக்கும் எங்களுக்கு அந்த ஸ்டேஷன் ஈ-ரிக்‌ஷாவில் கால் மணி நேரம். கார் வாங்கவில்லை. என் மனது எந்தப் பக்கம் என்று இதிலேயே தெரிந்திருக்கும்.

என் அலுவலகம் பர்தாப்பூர் தொழிற்பேட்டையில், கிரிக்கெட் மட்டை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில். மீரட் சவுத் ஸ்டேஷனில் இறங்கினால் ஷேர் ஆட்டோ தூரம்தான். ஆகவே நியூ அசோக் நகரிலிருந்து மீரட் சவுத் வரைக்குமான 55 கிலோமீட்டரை வைத்துத்தான் பேசுகிறேன்.

முதலில் செலவு. ரயிலில் சாதாரணப் பெட்டிக்கு 150 ரூபாய், பிரீமியத்துக்கு 225. சாதாரணப் பெட்டியில் 22 நாள் போய்வந்தால் 6,600. சலுகைப் புள்ளிகளைக் கழித்தால் ஆறாயிரத்தை ஒட்டி வரும். காரில் பெட்ரோலும் எக்ஸ்பிரஸ்வே சுங்கமும் சேர்ந்தால் நாளுக்கு ஆயிரத்தைத் தொடும். பஸ் இரண்டையும் விட மலிவு. இந்திய ரயில்வேயின் மாதாந்திர சீசன் டிக்கெட் அதைவிடவும் மலிவு. காசு மட்டும்தான் கணக்கு என்றால் சீசன் டிக்கெட் எடுத்துவிடுங்கள், மேற்கொண்டு படிக்க வேண்டியதே இல்லை. ஆனால் அந்த ரயில் வரும் நேரத்துக்குத்தான் நம் நாளை அமைத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு முடிவைத் தந்தது வேறு விஷயம். எத்தனை மணிக்கு வீடு வருவேன் என்று காலையிலேயே சொல்ல முடிவது.

2021-இல் திறந்த டெல்லி–மீரட் எக்ஸ்பிரஸ்வே அருமையான சாலை. நல்ல நாளில் ஒரு மணி நேரத்தில் வீட்டு வாசலில் இறங்கியிருக்கிறேன். அந்த நல்ல நாள் எது என்று முன்கூட்டித் தெரியாததுதான் சிக்கல். டிசம்பர், ஜனவரியில் மூடுபனி. ஒருநாள் காலை முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு, பத்தடி நெருங்கிய பிறகுதான் கண்ணில் பட்டது. அன்று அலுவலகம் போய்ச் சேர்ந்தும் வெகுநேரம் கை நடுங்கியது. பழைய மோடிநகர் வழியில் போனால் குளிர்காலம் முழுக்க சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு டிராலிகள், சாலையின் பாதியை அடைத்துக்கொண்டு ஊர்ந்து போகும். ஆடி மாதத்தை ஒட்டி இங்கே சாவன் வரும். ஹரித்வாரிலிருந்து கங்கை நீர் சுமந்து காவடி பக்தர்கள் லட்சக்கணக்கில் நடந்து வருவார்கள். அந்த நாட்களில் பஸ்களைச் சுற்றுவழியில் திருப்பிவிடுவார்கள், கார்களுக்கும் கட்டுப்பாடு இருக்கும். பக்தர்கள் மேல் குறை சொல்லவில்லை, அது அவர்கள் வழிபாடு. ஆனால் அலுவலகத்துக்கு அந்த வாரம் லீவு கிடையாது.

ரயிலுக்குத் தனிப்பாதை. பெரும்பகுதி தூண்கள் மேலேயே போகிறது, லெவல் கிராசிங் என்ற பேச்சே இல்லை. சிக்னல் ஓட்டுநரின் முன்னால் இருக்கும் திரையிலேயே வந்துவிடுவதால் பனிக்குள் அவர் விளக்குக் கம்பத்தைத் தேட வேண்டியதில்லை. அதிகபட்சம் 160 கிலோமீட்டர் வேகம். சுமார் நாற்பது நிமிடத்தில் மீரட் சவுத்.

செவ்வாயும் வியாழனும் மகளைப் பாட்டு வகுப்பிலிருந்து அழைத்து வருவது என் வேலை. கார் இருந்த காலத்தில் மனைவி போன் செய்து, "என்னங்க, எத்தனை மணிக்கு வருவீங்க?" என்பாள். "டாஸ்னா தாண்டினாத்தான் சொல்ல முடியும்" என்பேன். பல நாள் பக்கத்து வீட்டு மாமிதான் போய்க் கூட்டிவருவார். இப்போது காலையிலேயே "ஏழே காலுக்கு வகுப்பு வாசல்ல இருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறேன். இருக்கிறேன்.

பஸ்ஸில் இன்னொரு தொல்லை, மாநில எல்லை. ஆனந்த் விஹார் பஸ் நிலையம் டெல்லியில் இருக்கிறது. எதிரே கௌஷாம்பி, உத்தரப் பிரதேசம். நகர பஸ்ஸில் வந்து இறங்கி, பையோடு சாலையைக் கடந்து மீரட் பஸ் பிடித்த காலமெல்லாம் எனக்கு உண்டு. நமோ பாரத் அதே ஆனந்த் விஹாருக்கு அடியில் சுரங்கத்தில் நின்று கிளம்பும்போது எல்லை எங்கே போனது என்றே தெரியாது. காரணம், இதை நடத்துவது ஒரு மாநிலம் அல்ல. 2013-இல் உருவான தேசியத் தலைநகர் வட்டாரப் போக்குவரத்துக் கழகம் ஒரு கூட்டு நிறுவனம். மத்திய அரசுக்குப் பாதிப் பங்கு. டெல்லி, உத்தரப் பிரதேசம், ஹரியானா, ராஜஸ்தானுக்குத் தலா 12.5 சதவீதம். அதனால்தான் இரண்டு மாநிலத்துக்கும் ஒரே டிக்கெட், ஒரே கால அட்டவணை.

கூட்டு என்றால் இழுபறியும் உண்டு. டெல்லி அரசு தன் பங்கான 415 கோடியைத் தராமல் வைத்திருந்ததற்காக 2023-இல் உச்ச நீதிமன்றம் கண்டிக்க வேண்டியிருந்தது. ஹரியானாவும் ராஜஸ்தானும் பங்கு வைத்திருந்தும் பானிப்பட், ஆல்வார் தடங்கள் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. சென்னை மெட்ரோவும் மத்திய, மாநில அரசுகள் சரிபாதியாகச் சேர்ந்த நிறுவனம்தான். அதன் இரண்டாம் கட்டத்துக்கு மத்திய ஒப்புதல் 2024 அக்டோபர் வரை இழுத்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். ஒருவர் கையை இழுத்துக்கொண்டால் எல்லோருக்கும் தாமதம். இருந்தாலும், தனித்தனி மாநிலங்களை நம்பியிருந்தால் இந்த ரயில் வந்தே இருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

சில விஷயங்களில் என் அனுபவம் போதாது. நான் காலையில் டெல்லியிலிருந்து மீரட்டுக்குப் போகிறவன், அதாவது கூட்டத்துக்கு எதிர்த்திசை. பெரும்பாலும் ஜன்னல் சீட்டே கிடைக்கிறது. அதே நேரத்தில் எதிரே வருகிறவர்களுக்கு உட்கார இடம் கிடைக்கிறதா என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். பிரீமியம் பெட்டியில் இரண்டு முறைதான் போயிருக்கிறேன். சாய்ந்துகொள்ளும் இருக்கை நன்றாக இருந்தது, ஆனால் நாற்பது நிமிடத்துக்கு 75 ரூபாய் கூடுதலாகத் தர எனக்கு மனம் வரவில்லை. முதுகுவலி உள்ளவர்களுக்கு அது வேறு கணக்காக இருக்கலாம். குடும்பத்தோடு நான்கு பேர் போவதென்றால் கார் செலவே கிட்டத்தட்ட சமம், சில நேரம் குறைவு.

அப்புறம் இரவு. ரயில் காலை ஆறு மணி முதல் இரவு பத்து வரைதான். மாதக் கடைசியில் கன்டெய்னர் ஏற்றும் இரண்டு இரவுகளில் எனக்கு அது உதவாது. அன்று மட்டும் நொய்டாவுக்குப் போகும் சக ஊழியரின் காரில் வருகிறேன். சுங்கத்தை நான் கட்டிவிடுவது என்று எங்களுக்குள் பேச்சு.